அளவுகோலும் கைப்பழக்கமும்: சென்னைக் கலைப்பள்ளிச் சிற்பிகள் கற்ற வழி

முன்திட்டம் ஏதும் இல்லாமல், கையில் அகப்பட்டதை எடுத்து, வருவது வரட்டும் என்று ஓர் உருவத்தைச் செய்து பார்க்கிறான் ஒரு கலை மாணவன். அதில் அவன் என்ன கற்கிறான்? ஒன்றும் இல்லை, வெறும் கிறுக்குத்தனம், காசுக்குப் பிடித்த கேடு என்பார் ஒரு சாரார். அதிலேதான் எல்லாம் கற்கிறான், அளவு, இலக்கணம், தாளப் பிரமாணம் எல்லாம் கையில் பூட்டிய விலங்கு என்பார் மறுசாரார். நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே இந்த வழக்கு நடக்கிறது. பங்காருபேட்டையில் ரயிலேறிப் பெங்களூர் போய்ச் சித்திரகலா பரிஷத்தில் சேர விரும்பும் பிள்ளையும், 'பொறியியல் படிச்சா சோறு உண்டு' என்னும் தகப்பனாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இரு சாராரும் பொருளைத் தொட்டுப் பார்க்காமலே பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். வாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறையில் கற்றுப் பெயர் எடுத்தவர்களையே பார்ப்போம். அதற்கு நமக்கு மிக அருகில் உள்ளது சென்னைக் கலைப்பள்ளி.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. 1852இல் அரசு எடுத்துக்கொண்டது. ஓவியர்களை உண்டாக்குவது அப்போது அதன் முதல் நோக்கம் அன்று. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை என்று கைத்தொழில்களைத் திருத்தி வளர்ப்பதே நோக்கம். நான் பாத்திர வியாபாரி ஆதலால் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் வீடுகளில் அலுமினியப் பாத்திரம் புழக்கத்துக்கு வந்ததில் இந்தக் கலைப்பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. 1898இல் ஆல்பிரெட் சாட்டர்ட்டன் அங்கேதான் அலுமினியத் தகட்டில் பாத்திரம் அடிக்கச் செய்து பார்த்தார். சில ஆண்டுகளில் அது தனிக் கம்பெனியாகவே வளர்ந்தது. செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய கன்னார்களின் கை, முன்பின் அறியாத ஓர் உலோகத்தை அந்தப் பள்ளியின் பட்டறையில் பழகியது. 'சோதனை முயற்சி' என்ற சொல்லைக் கலைஞர்கள் எடுத்துக்கொள்ளும் முன்பே அந்தக் கட்டடத்தில் அது நடந்துகொண்டிருந்தது என்க.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்தார். 1957 வரை இருந்தார். சென்னைக் கடற்கரையில் 1959இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கும் அந்தச் சிலையில் உடற்கூறு அறிவு அபாரம். ஒவ்வொரு தசைநாரும் பேசும். மேனாட்டு முறையில் களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, வெண்கலத்தில் வார்க்கும் வேலையில் அவருக்கு நிகர் அன்று தெற்கே இல்லை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சிலையில் உள்ள வெண்கலம் தான் வெண்கலம் என்பதை மறைத்துக்கொண்டு சதையாக நடிக்கிறது. ஆசிரியரின் வல்லமை பொருளை அடக்கிவிட்டது. இப்படிப்பட்ட ஆசானிடம் மாணவன் கற்பது ஆசானின் கையை. பொருளின் சுபாவத்தை அவன் வேறு எங்கோதான் கற்றாக வேண்டும்.

ராய் சௌத்ரிக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் தலைமை ஏற்றது 1957. மாமல்லபுரத்தில் மரபுச் சிற்பத்துக்கென அரசு தனிப்பள்ளி தொடங்கியதும் அதே 1957. அங்கே வைத்தியநாத ஸ்தபதி, அவருக்குப் பின் அவர் குமாரர் கணபதி ஸ்தபதி. தாளப் பிரமாணம், ஆகமம், உளி, கருங்கல் என்று அந்தப் பாதை நேராகப் போய், 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் குமரி முனையில் 133 அடித் திருவள்ளுவராக நின்றது. சென்னையிலோ பணிக்கரும், சிற்பத் துறையில் எஸ். தனபாலும் மாணவர்களை அவிழ்த்துவிட்டார்கள். ஓவியம் படிக்கும் பையன் உலோகப் பட்டறைக்குள் போகலாம், துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கலாம், மண் சுடலாம். ஒரே ஆண்டில் ஒரே அரசின் கீழ் இரண்டு பாதை பிரிந்தது. ஒன்று அளவு, மற்றொன்று விளையாட்டு என்று பலரும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவ்வளவு சுலபமாக முடிகிற காரியமா இது?

சமண வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு தனிப் பார்வை உண்டு. எங்கள் தீர்த்தங்கரர் உருவங்களைப் பாருங்கள். நின்றால் ஒரு நிலை, அமர்ந்தால் ஒரு நிலை. ஆயுதம் இல்லை, வாகனத்தில் ஏறிய கோலம் இல்லை, நடனம் இல்லை. பீடத்தில் உள்ள இலாஞ்சனையைப் பார்த்துத்தான் இவர் இன்னார் என்று பல இடங்களில் சொல்ல வேண்டும். உலகத்திலேயே சிற்பிக்கு மிகக் குறைவாகச் சுதந்திரம் கொடுத்த மரபு எங்களுடையதாகத்தான் இருக்கும். போளூர் பக்கம் திருமலையில் உள்ள நேமிநாதரையும், கழுகுமலைப் பாறையில் வரிசையாக வெட்டிய உருவங்களையும், சிரவணபெளகுளத்தில் 57 அடி உயர்ந்து நிற்கும் கோமடேசுவரரையும் பார்த்தவர்கள், அவை ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பதை அறிவர். இலக்கணம் ஒன்றே, கை வேறு, கல் வேறு.

கல்லில் ஒரு சங்கடம் இருக்கிறது. போனது போனதுதான். மூக்கு நுனி தெறித்தால் மறுபடி ஒட்ட முடியாது. மலையுச்சிப் பாறையிலேயே கோமடேசுவரரை வெட்டியவன் 'வந்தது வரட்டும்' என்று உளியை வைத்திருக்க முடியாது. ஆகவே சோதனை வேறு ஏதோ இளகிய பொருளில் நடந்திருக்க வேண்டும். சுவாமிமலையில் இன்றும் அது கண்கூடு. தென்னை ஓலைக்கீற்றை மடித்து மடித்து அங்கங்களின் அளவு எடுப்பார்கள், அது இலக்கணம். அப்புறம் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகை வெந்நீரில் இளக்கி விரலால் பிடிப்பார்கள், அது கையின் பங்கு. பிடிக்கலாம், அழிக்கலாம், மறுபடி பிடிக்கலாம். உலோகம் ஊற்றுகிற வேளை வரும்போது விளையாட்டு முடிந்துவிடும். மரபுக்குள்ளேயே ஓர் இளகிய கட்டம் இருக்கிறது. சென்னைக் கல்லூரி புதிதாகச் செய்ததெல்லாம் அந்தக் கட்டத்தை நீட்டி, அதையே பாடமாக வைத்ததுதான்.

இப்போது செம்புத் தகட்டுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கலை விமர்சகர்கள் எழுதுவதில் இந்த இடம் எப்போதும் ஒரு வரியில் கடந்துபோகிறது. தகடு அடித்துப் பார்த்தவர்களுக்கோ முழு விஷயமும் இங்கேதான்.

செம்பை அடிக்க அடிக்க அது இறுகும். முதல் பத்து அடிக்கு வளைந்து கொடுக்கும். பிறகு விறைத்துக்கொள்ளும், அதற்கு மேலும் அடித்தால் ஓரம் வெடிக்கும். உடனே உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் மறுபடி இளகும். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும் அல்லவா, செம்பு அப்படி இல்லை, தோய்த்தாலும் மெத்தென்று இருக்கும். எத்தனை அடிக்கு ஒருமுறை காய்ச்சுவது? தகட்டின் கனத்தைப் பொறுத்தது, சுத்தியலின் முகத்தைப் பொறுத்தது, அடிக்கிற இடத்தைப் பொறுத்தது. கன்னாரைக் கேட்டால் 'சத்தத்திலேயே தெரியும் சாமி' என்பார். இளகிய தகடு மந்தமாக ஒலிக்கும், இறுகியது கணீரென்று பேசும். இரண்டு தகட்டைப் பற்றவைக்க வெங்காரம் தூவ வேண்டும். தூவாவிட்டால் சூட்டில் செம்பு கறுத்துப் பற்று ஏறாது. இவ்வளவும் எந்தச் சிற்ப சாத்திரத்திலும் மாணவனுக்குப் புரியும்படி எழுதி வைக்க முடியாதவை. தகட்டை வீணாக்கித்தான் கற்க வேண்டும்.

பி.வி. ஜானகிராம் (1930–1995) வீணாக்கிக் கற்றவர்களில் தலையானவர். முதலில் ஓவியம் படித்தவர். களிமண்ணில் பிடித்து வார்க்கும் பாதையை விட்டு, செம்புத் தகட்டை நேரடியாக எடுத்தார். அடித்து மேடு தள்ளினார், வெட்டினார், அதன்மேல் கம்பியும் சிறு உருண்டைகளும் பற்றவைத்தார். அவருடைய கணபதி, ஏசு, அரசர் உருவங்களைப் பாருங்கள். உள்ளே கனம் கிடையாது. பக்கங்கள் மூடாமல் திறந்தே இருக்கும். முகம் ஒரு தகடு, அதன்மேல் கோலம் போட்டாற்போல் கம்பி ஓடும். நம் கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம் நினைவுக்கு வரும். கவசத்துக்குள் மூர்த்தி இருக்கும். ஜானகிராமிடம் மூர்த்தி இல்லை, கவசமே உருவம். எந்த ஆசிரியரும் இதைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. தகடு எவ்வளவு தூரம் வளையும், எங்கே வளைய மறுக்கும் என்று பார்த்துப் பார்த்துப் போனவன் வந்து சேரும் இடம் இது. செம்பைக் கறுக்க வைக்கும் அந்தச் சூட்டையும் இரசாயனத்தையும் அவர் குறையாக எண்ணாமல் நிறமாகவே எடுத்துக்கொண்டதும் பட்டறையின் கொடைதான்.

பணிக்கரின் குமாரர் எஸ். நந்தகோபால் (1946–2017) இன்னொருவர். பெங்களூரில் பிறந்தவர். லயோலாக் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டுக் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தார். செம்பும் பித்தளையும் பற்றவைத்து, ஆளுயரத்துக்கும் மேலாகக் கதை சொல்லும் உருவங்கள் செய்தார். சூலம், கொடி, மயில், பாம்பு எல்லாம் பின்னிக்கொண்டு ஒரு தேர்ச்சீலையை உலோகத்தில் பார்ப்பதுபோல் இருக்கும். பிற்காலத்தில் பெங்களூரில் நிலைகொண்ட பாலன் நம்பியார் சென்னையில் தனபாலிடம் சிற்பம் படித்து 1971இல் முடித்தார். அதற்கு முன் தென்னக ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். அளந்து கோடு போடும் அந்தத் தொழில்தான் பின்னால் அவருடைய துருப்பிடிக்காத எஃகு உருவங்களில் சுத்தமான வளைவாக வந்து நிற்கிறது என்று எனக்குப் படும்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். புகழுரையாக மட்டும் எழுதினால் விமர்சனம் ஆகாது. தனபால், ஜானகிராம், நந்தகோபால் மூவரும் ஓவியத்தில் தொடங்கியவர்கள். ஓவியன் உருவத்தை முன்னிருந்தே பார்ப்பான். ஜானகிராம், நந்தகோபால் இருவருடைய வேலைகளிலும் முன்பக்கம்தான் பேசும், பின்பக்கம் பெரும்பாலும் மௌனம். நந்தகோபால் இதைத் தெரிந்தே தம் கொள்கையாக வைத்துக்கொண்டார், கோயில் மூர்த்தியை முன்னின்றுதானே தரிசிக்கிறோம் என்று அதற்குச் சமாதானமும் உண்டு. ஆனால் சோழர் செப்புத் திருமேனிகளின் முதுகைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சமாதானம் முழுக்கச் செல்லாது. பூசையில் யாரும் பார்க்காத முதுகையும் அந்தச் சிற்பி முகத்துக்குச் சமமாக முடித்திருக்கிறான். தாமாகச் செய்து பார்த்துக் கற்றவர்களுக்கு வரும் குறை இது. எந்தப் பக்கத்தை அவன் தானாகத் தேடவில்லையோ அந்தப் பக்கத்தைத் தேடும்படி சொல்ல ஆள் இல்லை.

இந்தக் குறை பெரிதாகத் தெரியாத ஒருவர் குடியாத்தத்துக்காரர் சி. தட்சிணாமூர்த்தி (1943–2016). நம்மூரிலிருந்து சோலார்பேட்டை தாண்டிச் சென்னை போகிற வழியில் வரும் ஊர் ஆதலால் சொல்லிக்கொள்ளலாம், பாதி நம்மவர். அவரும் ஓவியம் படித்தவரே. ஆனால் மண்ணும் சூளையும் அவருக்குக் கூடவே பாடமாயின. மண்ணில் பானை வனைகிறவனுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஏது? சுற்றிச் சுற்றித்தான் கை போகும். பிறகு அவர் கருங்கல்லில் தலைகளும் உருவங்களும் நெருக்கியடித்து நிற்கும் கொத்துகளைச் செய்தபோது அந்தச் சுற்றும் கை கூடவே வந்தது. சுட்ட மண்ணில் பழகிய விரல் கல்லுக்குப் போனதால் அவர் கல் கொஞ்சம் இளகினாற்போல் இருக்கும்.

வெளியுலகிலும் இதே கதைதான். ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஹூலியோ கொன்சாலஸ், 1918இல் பாரிஸ் அருகே ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை பார்த்தபோதுதான் வாயு வெல்டிங் கற்றார். பத்து ஆண்டு கழித்துப் பிக்காசோவுக்கு அவரே உலோகவேலையில் கைகொடுத்தார். உலக வெல்டிங் சிற்பத்தின் ஊற்றுக்கண் ஒரு மோட்டார்ப் பட்டறை. கோலார் தங்கவயலில் பெமல் தொழிற்சாலையில் வெல்டர்களாக உழைத்த நம் பெரியவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஜெர்மனியில் பௌஹௌஸ் பள்ளியில் ஜோசப் ஆல்பர்ஸ் முதலாண்டு மாணவர்களுக்கு வெறும் காகிதத்தைக் கொடுத்து, பசை இல்லாமல், துண்டு வீணாகாமல் ஏதாவது செய்யச் சொன்னார். அதில் 'ஏதாவது' என்ற சொல்லைப் பலர் பிடித்துக்கொண்டார்கள். 'வீணாகாமல்' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். வியாபாரிக்கு இரண்டாவது சொல்தான் முதலில் கண்ணில் படும். கட்டுப்பாடு மேலிருந்து வராமல் காகிதத்திலிருந்து வர வேண்டும் என்பதே அவர் போட்ட திட்டம்.

சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த சந்தால் குடும்பத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வெண்கலத்துக்கு வழியில்லை. சிமெண்டும் உள்ளூர்ச் செம்புறைச் சரளையும் கலந்து திறந்தவெளியில் நேரடியாக அப்பி எழுப்பினார். இருந்ததை வைத்துச் செய்ததால் அந்த உருவங்களுக்கு அந்த மண்ணின் சொரசொரப்பே தோலாயிற்று. சென்னையில் படித்த கானாயி குஞ்ஞிராமன் 1969இல் பாலக்காட்டை அடுத்த மலம்புழா அணைப் பூங்காவில் 30 அடி யட்சியை எழுப்பினார். அதுவும் சிமெண்டு வேலைதான். நம் கம்மசந்திரா கோடிலிங்கேசுவரத்தில் 108 அடி இலிங்கத்துக்கு எதிரே 35 அடி நந்தி இருக்கிறது. அதுவும் சிமெண்டு. உயரத்தில் நந்தி ஐந்தடி கூடுதல். பக்தியில் நான் குறுக்கிடவில்லை, கோயிலுக்குப் போகிறவர்கள் சிற்பம் பார்க்கப் போகவில்லை. ஆனால் பார்வைக்கு வித்தியாசம் தெரிகிறது. யட்சியில் சிமெண்டு மலையின் தொடர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறது. நந்தியில் சிமெண்டு கருங்கல்லைப் பார்த்துக் காப்பி அடிக்கிறது. ஒரே பொருள். ஒருவர் அது என்ன செய்யும் என்று கேட்டார், மற்றவர்கள் அளவைக் கூட்டினார்கள்.

இனி மனத்தில் உறுத்தும் இரண்டு விஷயம்.

முதலாவது, சோதனையே சடங்காகிவிட்டது. கல்லூரிக் கண்காட்சிகளிலும் நகரப் பூங்காக்களிலும் பார்க்கிறோம், பல்சக்கரம், சைக்கிள் சங்கிலி, ஸ்பார்க் பிளக், பழைய நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் வெல்டு வைத்து ஒரு குதிரை, ஒரு பறவை, ஒரு மீன். 1942இல் பிக்காசோ சைக்கிள் சீட்டையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத்தலை ஆக்கியபோது அதில் இருந்தது இரண்டே பொருள், ஒரே ஒரு பார்வை. இன்றைய பழைய இரும்புக் குதிரையில் இருநூறு பொருள் இருக்கும், பார்வை இருக்காது. சங்கிலி என்றால் பிடரி மயிர், ஸ்பூன் என்றால் இறகு. இது புது ஆகமம். எங்கள் தீர்த்தங்கரருக்காவது நிலை இரண்டு உண்டு. தன்னிச்சை என்று சொல்லி ஒரே அச்சில் வார்க்கிறார்கள். காரணம் வெளிப்படை. வெல்டிங் எதையும் எதனோடும் ஒட்டிவிடும். செம்பு 'முடியாது' என்று சொன்னது போல் யாரும் அந்தப் பையனிடம் 'முடியாது' என்று சொல்வதில்லை.

இரண்டாவது இதைவிடக் கசப்பானது. ஜானகிராம் பெயர் நமக்குத் தெரியும், நந்தகோபால் பெயர் தெரியும். அந்தக் கல்லூரியின் உலோகப் பிரிவில் தகட்டின் ஒலியையும் வெங்காரத்தின் பதத்தையும் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்த கைவினை ஆசான்களின் பெயரைச் சொல்ல எத்தனை பேருக்கு வரும்? கண்காட்சிப் புத்தகங்களில் கலைஞன் 'கண்டுபிடித்தான்' என்று எழுதுகிறார்கள். பாதி அவன் கண்டுபிடித்தது, மீதி ஒரு கம்மாளர் தெருவிலிருந்து வந்தது. அடித்தவன் ஒரே மாதிரி அடித்தாலும் ஒருவன் வேலை கலை, மற்றவன் வேலை கைவினை. ஊர் ஊராகப் பாத்திரக் கொள்முதலுக்குப் போனவன் நான். எவர்சில்வர் வந்தபின் உலை அணைந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குருவாக வைத்துக் கற்ற தலைமுறை ஒன்று இருந்தது என்பதாவது பதிவாக வேண்டும். கல்லூரியின் பெயரையே பாருங்கள். அந்த நாளில் அது கலை மற்றும் கைவினைக் கல்லூரி. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. கைவினை என்ற சொல் பலகையிலிருந்து இறங்கிவிட்டது. பெயர் மாற்றியவர்கள் மரியாதை கூடும் என்று எண்ணியிருப்பார்கள். எனக்கென்னவோ அஸ்திவாரக் கல்லை உருவி மேல்மாடத்தில் வைத்தது போல இருக்கிறது.

1966இல் பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் அமைத்தபோது அந்த நிலத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? மெழுகுச் சாயத் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான். ஓவியத்தை நம்பி வாங்கிய நிலம் அன்று. கைவினை சோறு போட்டது, கலை அதில் வளர்ந்தது. 'படிச்சா சோறு உண்டா' என்று கேட்கிற தகப்பனாருக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

பிள்ளையைக் கலைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் கண்காட்சி அறையையும் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். பின்பக்கம் போய்ப் பாருங்கள். உலை எரிகிறதா, மண் பிசைந்த தொட்டி ஈரமாக இருக்கிறதா, சூளை இந்த மாதம் மூட்டினார்களா, கெட்டுப்போன வேலைகள் மூலையில் எவ்வளவு குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். மூலை காலியாக இருந்தால் அங்கே யாரும் எதையும் செய்து பார்க்கவில்லை என்று பொருள். அப்புறம் அங்கே தகடு அடிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் சம்பளத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் அவர் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த மலரில் போடுவோம்.